கை கால் கழுவிவிட்டு உள்ளே வரவும்

"வாய மூடுங்கக்கா, மூடுங்க, வூட்டுக்குக் கேக்கும்..."

தமிழ்மணி தன் உள்ளங்கையை யுவராணியின் வாய்மேல் வைத்து அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் அந்த உதடும் கிழிந்திருக்கிறது என்பது உறைத்தது. கையை எடுத்தாள். முனகல் கிளம்பியதும் மறுபடியும் வைத்தாள். யுவராணியின் வலது கால் இன்னும் வாசலில் இருந்த பிளாஸ்டிக் தட்டுக்குள்தான் நின்றது. தட்டில் நனைந்த சாக்கு, சாக்கு முங்க பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். கண்ணாடிச் சில்லு கிழித்த குதிகாலில் அந்தத் தண்ணீர் ஏறியதில்தான் அவள் கத்தியிருந்தாள்.

அதில் கால் வைக்கச் சொன்னதே தமிழ்மணிதான். "கால் நனைச்சிட்டு வாங்கக்கா" என்று, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்கிற மாதிரி சொல்லியிருந்தாள். பட்டுப்புழு ஷெட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கால், பிறகு கை, அப்புறம் துணி மாற்ற வேண்டும். அப்பா கதவிலேயே கரியால் எழுதி வைத்திருக்கிறார். ஏழு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போன வாய். ரத்தம் சொட்டுகிற ஓர் ஆளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முக்கால் கிலோமீட்டர் மல்பெரித் தோட்டத்துக்குள் விழுந்தெழுந்து வந்த பிறகும் அது தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"எடுங்க, எடுங்க. காலத் தூக்குங்க."

"எரியுது தமிழு. நெருப்பாட்டம் எரியுது."

வீட்டுப் பக்கம் நாய் இரண்டு முறை குரைத்து நின்றது. தமிழ்மணி திரும்பிப் பார்த்தாள். வீட்டில் விளக்கு எரியவில்லை. மணி பத்தே முக்கால்.

வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ்மணி பையன். சென்றாயனின் ஒரே மகன், இண்டூரில் பன்னிரண்டாம் வகுப்பு, டேய் என்றால் திரும்பிப் பார்க்கிறவன். தான் பெண் என்பதை இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஓர் ஆளிடம். அந்த ஆள்தான் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் ஓர் அறையும் முன்னால் ஒரு கடையுமாக யுவராணி தையல் கடை போட்டு ஆறு வருஷம் ஆகிறது. திருநங்கையிடம் ப்ளவுஸ் கொடுக்கிறதா என்று முதலில் முகம் சுளித்த பெண்கள், கை இறக்கம் பிசகாமல் தைக்கிறாள் என்று தெரிந்ததும் பட்டுத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தமிழ்மணியின் அம்மா பானுமதியும் அப்படித்தான். கொடுத்த துணியை வாங்கிவர மகனை அனுப்புவாள். மகன் வாங்கிவர நேரமாகும். எதற்கு நேரமாகிறது என்று அவள் கேட்டதில்லை.

தமிழ்மணி சுவர் ஓரமாக இருந்த குழாயைத் திறந்து யுவராணியின் கைகளைப் பிடித்து நீட்டினாள். வலது கையின் இரண்டு விரல்கள் தடித்துப் போயிருந்தன. நகங்களுக்குள் கருஞ்சிவப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. சோப்பைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு நகமாகத் தேய்த்துக் கழுவினாள். பிறகு பிளீச்சிங் தண்ணீரில் ஒரு முக்கு.

"மெதுவா. அந்த வெரலத் தொடாத."

"சேலைய அவுத்துக் குடுத்துருங்கக்கா. வெளித் துணியோட உள்ள போவக் கூடாது."

"நான் என்ன புழுவ முத்தமா குடுக்கப் போறேன்?" என்றாள் யுவராணி. சொல்லிவிட்டு அவளே சிரித்து, உதடு வலித்து நிறுத்தினாள்.

ஷெட் வேலைக்கென்று ஆணியில் மாட்டியிருந்த அம்மாவின் பழைய நைட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தமிழ்மணி திரும்பி நின்றாள். கிழிந்த சேலையையும் ரத்தம் பட்ட ரவிக்கையையும் வாங்கி, மிச்சமிருந்த பிளீச்சிங் தண்ணீர் பக்கெட்டுக்குள் அமுக்கினாள். கறை கரைந்து தண்ணீர் இளஞ்சிவப்பானது. அப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. செய்ய வேண்டியதில் ஏதோ ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

உள்ளே நீளவாக்கில் மூன்று வரிசை அடுக்குகள். ஒவ்வொரு தட்டிலும் மல்பெரித் தண்டுகள்மேல் சுண்டுவிரல் தடிமனில் புழுக்கள் நெளிந்தன. தோல் உரிக்கிற நாலாம் தூக்கம் முடிந்து எழுந்து ஆறு நாள். நாளைக்குப் பழுத்துவிடும், கூடு கட்ட சந்திரிகைத் தட்டில் எடுத்து விட வேண்டும். அதுவரை பசி அடங்காத பிராணிகள். பத்து மணிக்குப் போட வேண்டிய தழை இன்னும் போடவில்லை. காய்ந்த தண்டுகளின்மேல் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன.

கடைசி அடுக்குக்குப் பின்னால் சாக்கு விரித்து யுவராணியை உட்கார வைத்தாள். தழைக்கட்டை அவிழ்த்து முதல் வரிசையிலிருந்து போட ஆரம்பித்தாள். நின்று அழுவதற்கு நேரம் இல்லை. நாலு மணிக்கு அடுத்த தழை போட அப்பா வருவார். தழை போடாமல் கிடந்தால் கேட்பார். கேட்டால் எங்கேயாவது உளறிவிடுவாள்.

"ஆசுபத்திரிக்குப் போலாங்க்கா. நூத்தியெட்டுக்குப் போன் போடட்டா?"

"போட்டு? எந்த வார்டுல படுக்க வெப்பாங்க? டெங்கு வந்தப்ப ஆம்பள வார்டுல போட்டாங்க. ராத்திரி பூரா பக்கத்து பெட்டுக்காரன் போர்வையத் தூக்கித் தூக்கிப் பாத்தான். நாலாம் நாள் காய்ச்சலோட ஓடியாந்தேன்."

"அப்ப ஸ்டேசன்?"

"போன வருசம் இதே சென்னப்பன் கடைமேல கல்லு வுட்டான்னு போனேனே. 'ஏம்பா, நீயும் ஆம்பளதான, திருப்பிப் போட வேண்டியதுதான'ன்னு கேட்டுட்டு ஏட்டு பேனாவ மூடி வெச்சுட்டாரு. எழுதவே இல்ல."

புழுக்கள் தழையை எட்டிப் பிடித்தன. ஒரு வரிசை தின்னத் தொடங்கியதும் சத்தம் கிளம்பியது, ஒரு கூட்டமே காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருப்பது போல. யுவராணி தலையை நிமிர்த்திக் கேட்டாள். தலையில் இடது பக்கம் முடி இல்லை. காதுக்கு மேலே கோணல்மாணலாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது அவளுடைய கத்தரிக்கோலால்தான். மிச்ச முடி மறுபக்கம் இடுப்புவரை தொங்கியது.

"பட்டுப் பொடவைக்கு எத்தன ப்ளவுஸ் தெச்சிருப்பேன். இதுங்க மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு, "எடப்பக்கம் ரொம்ப அசிங்கமா இருக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"பொய் சொல்லும்போது உனக்கு மூக்கு வெடைக்குது, தெரியுமா?"

தமிழ்மணி இரண்டாம் வரிசைக்குப் போனாள். அங்கே யுவராணிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டியதில்லை.

சாயங்காலம் ஏழரை மணிக்கு அவள் யுவராணியின் கடைக்குப் போனபோது அம்மாவின் ப்ளவுஸ் தயாராக இருந்தது. கூடவே, உள்ளறையில் மூட்டைக்குப் பின்னால் தொங்கும் அவளுடைய சுடிதாரும். மிச்சத் துணிகளைச் சேர்த்து யுவராணி தைத்துக் கொடுத்தது. உடம்பு அரக்கு, கை மஞ்சள், கழுத்துக்கு எவளோ ஒருத்தியின் கல்யாண ரவிக்கையில் வெட்டிய ஜரிகை. வெள்ளிக்கிழமைகளில் பத்து நிமிஷம் அதைப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடி முன்னால் நிற்பாள். யுவராணி வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு, "தோள நிமித்துடி, கூன் போட்டா எப்பிடி?" என்பாள். அவ்வளவுதான். கழற்றி மாட்டிவிட்டுச் சட்டை பேண்ட்டில் வீடு திரும்புவாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காக மற்ற ஆறு நாளும் ஓடும்.

இன்றைக்கும் அப்படிக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பைக் சத்தம் கேட்டது. யுவராணி எட்டிப் பார்த்துவிட்டு அவளை உள்ளறைக்குள் தள்ளினாள். "சென்னப்பன் வரான். என்னா சத்தம் கேட்டாலும் வெளிய வராத."

சென்னப்பனைத் தமிழ்மணிக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். டெம்போ வைத்திருக்கிறான். கூடுகளைத் தர்மபுரி மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவதும், சந்திரிகைகளை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்குவதும் அவன்தான். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறவன். அவனோடு பைக்கில் வந்த இன்னொருத்தன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"எத்தன நாளாக் கூப்பிடறேன். பேருல ராணின்னு இருந்தா நெசமாலுமே ராணியாயிடுவியா?" என்றான் சென்னப்பன்.

"அண்ணா, கட மூடியாச்சு. குடிச்சிருக்கீங்க. போயிட்டுக் காலைல வாங்கண்ணா."

"யாருடா அண்ணன்?"

அதற்கப்புறம் பேச்சு இல்லை. தையல் மெஷின் விழுந்தது. கண்ணாடி விழுந்தது. பலகைக் கதவின் இடுக்கில் தமிழ்மணி கண்ணை வைத்தாள். யுவராணியை முடியைப் பிடித்து இழுக்கும் சென்னப்பனின் முகம், நேராக, டியூப் லைட் வெளிச்சத்தில். சேலையைப் பற்றியிருக்கும் இன்னொருத்தனின் கை. கத்தரிக்கோல். யுவராணியின் நகம் சென்னப்பனின் கன்னத்தில் கண்ணிலிருந்து தாடைவரை இறங்கியதையும் பார்த்தாள். அவன் ஊளையிட்டான். அப்புறம்தான் அடி.

"தமிழு!" என்று யுவராணி கூப்பிட்டாள். வராதே என்று சொன்னவளே கூப்பிட்டாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள்.

தமிழ்மணி அந்த நேரம் சுடிதார் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அது முடிச்சு விழுந்து இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்தாள். அவிழ்த்து, தலைவழியாக மேல்துணியைக் கழற்றி, மூட்டைக்குள் திணித்து, பேண்ட்டைத் தேடி, சட்டையைப் போட்டு, பட்டனை ஒன்று மாற்றிப் போட்டு, அதையும் கழற்றித் திரும்பச் சரியாகப் போட்டாள். அடி விழுமே என்கிற பயம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு பயம் நின்றது: அரக்கும் மஞ்சளுமாக வெளியே போய் நின்றால், நாளை காலை ஆறு மணிக்கு சந்திரிகை இறக்க வரும் சென்னப்பன் அப்பாவிடம் அதையும் சேர்த்து இறக்கி வைப்பான். கடைசிப் பட்டனைப் போடும்போது பைக் கிளம்பிவிட்டது. "ராத்திரிக்குத் திரும்ப வருவோம்டீ" என்று ஒருத்தன் கத்திக்கொண்டு போனான்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் யுவராணி உட்கார்ந்திருந்தாள். செல்போன் நொறுங்கிக் கிடந்தது. முதலில் தமிழ்மணியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு சட்டையைப் பார்த்தாள். அங்கே இருக்க முடியாது. ரோட்டில் போனால் எதிரே வருவார்கள். பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் கரும்புக் காட்டுக்குள் பதுங்கிப் பதுங்கி, ஊர் அடங்கும்வரை காத்திருந்து, வெளி ஆள் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் இடத்துக்கு வந்து சேர இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. வழியெல்லாம் தமிழ்மணி சட்டைப் பட்டனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"டேய் மணி!"

கையிலிருந்த தழை நழுவியது. டார்ச் வெளிச்சம் ஷெட் வாசலில் ஆடியது. அம்மா.

அடுக்குக்குப் பின்னால் யுவராணி கால்களை மடக்கிக்கொண்டாள். தமிழ்மணி ஓடிப்போய்க் கதவிடுக்கில் குறுக்கே நின்றாள்.

"நில்லும்மா! அங்கயே நில்லு."

"என்னாடா இவ்ளோ நேரமா? பத்து மணித் தழைய இப்பத்தான் போடறியா? சாப்புடக்கூட வரல."

"போட்டு முடியப் போவுது. கொசுவத்தி கொளுத்துன கையோட உள்ள வராத. ஒரு தட்டு பூரா செத்துப் போவும்."

"அடேங்கப்பா. அப்பனுக்கு மேல இருக்குது புள்ள." பானுமதி கையை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளபடியே ஓரடி பின்வாங்கினாள். "ஆரோ கத்துன மாரி இருந்துச்சேடா."

"மயிலு."

"இந்நேரத்துக்கா? பக்கெட்டுல என்னா துணி?"

"என் சட்டைம்மா. சாணி பட்டுருச்சு."

"அலசி வெய்யி, ஊற வெக்காத, வெளுத்துப் போவும். ப்ளவுஸு எங்க? ஞாயித்துக்கெழம அரூர்ல கல்யாணம், மறந்துட்டியா?"

"கட மூடியிருந்துச்சும்மா."

"எங்க போயித் தொலஞ்சுது அது? வாய் மட்டும் இனிக்கும், சொன்ன தேதிக்குத் துணி வராது." பானுமதி டார்ச்சை அணைத்துக்கொண்டே திரும்பினாள். "ஆங், சென்னப்பன் போன் பண்ணுச்சு. ஆறு மணிக்கு சந்திரிகைய எறக்கறேன்னுச்சு. தோட்டத்துல முள்ளுக்கம்பி மூஞ்சியக் கிழிச்சுருச்சாம், ஊசி போட்டுட்டு வந்து படுத்திருக்கேன்னுச்சு. பாவம், அந்த வலியோட வேற வரணுமா. போடா, வந்து படு."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை தமிழ்மணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுக்குக்குப் பின்னாலிருந்து மெல்லச் சிரிப்புச் சத்தம் வந்தது.

"முள்ளுக்கம்பியாமா? அந்த முள்ளுக்கம்பி இங்கதான் இருக்குது." யுவராணி இடது கையைத் தூக்கி விரலை விரித்துக் காட்டினாள். "இருக்கட்டும். போன் இருக்குதில்ல உங்கிட்ட? ஒரு நம்பர் சொல்றேன், போடு. மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான்."

சோபனா தர்மபுரியில் இருக்கிறாள். யுவராணிக்கு மூத்தவள், அவளும் திருநங்கை. கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதவும் ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போகவும் செய்கிற தன்னார்வலர். ஏழாவது முறை மணி அடித்த பிறகு எடுத்தாள். தமிழ்மணி ஸ்பீக்கரை மிகக் குறைவாக வைத்து, இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் யுவராணி" என்றதும் அதுவரை அழாதவள் அழுதாள். சோபனா அழ விட்டாள். பிறகு, "போதும். இப்ப கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள். யார், எப்போது, எங்கே அடி, ரத்தம் நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த முனையில் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அவன் மொகத்தக் கீறியிருக்கேங்க்கா. ஆழமா. முள்ளுக்கம்பி கிழிச்சுதுன்னு சொல்லிட்டுத் திரியறான்."

"நல்லதுடி! அந்தக் கைய ஒண்ணும் பண்ணாத. தண்ணி படக்கூடாது. நகத்துக்குள்ள அவன் தோலு, ரத்தம் இருக்கும். டாக்டர் எடுக்கட்டும். கட்டியிருந்த துணிய ஒரு பேப்பர்ல மடிச்சு வெய்யி, தொவைக்காத."

யுவராணி தன் கையைப் பார்த்தாள். நகங்கள் பத்தும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"என்னாடி, சத்தத்தக் காணோம்?"

"நான் கழுவிட்டேங்க்கா" என்றாள் தமிழ்மணி.

"யாரு அது?"

"தமிழ்மணி. இந்த ஷெட்டு எங்களுது. நான்தான் கழுவுனேன். பிரஷ் போட்டு. துணி... பக்கெட்டுல இருக்குது. பிளீச்சிங் பவுடர் தண்ணில."

"எதுக்கு?"

"புழுவுக்கு நோவு வந்துருமுன்னு..."

தமிழ்மணிக்குத் தன்னுடைய கைகளிலிருந்தே குளோரின் நாற்றம் ஏறி வந்தது. தேய்த்த ஒவ்வொரு நகமும் ஞாபகத்துக்கு வந்தது. கட்டைவிரலில் இருந்ததுதான் சீக்கிரம் போகவில்லை, இரண்டு தடவை சோப்புப் போட்டாள்.

"சரி. ஆனது ஆச்சு" என்றாள் சோபனா. குரலில் இருந்த வேகம் குறைந்திருந்தது. "யுவராணி, உங்கிட்ட ஒளிச்சுப் பேச முடியாது. அடிதடிக்குத் தனியா எழுதச் சொல்லுவேன். ஆனா அவன் வந்தது எதுக்குன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நம்மளக் கெடுத்தாலே நமக்குன்னு போட்ட சட்டத்துல ரெண்டு வருசந்தான் உச்சம். அதே ஒரு பொம்பளையக் கெடுத்தா பத்து வருசத்துலருந்துதான் ஆரம்பமே. அந்த ரெண்டு வருசமும் சும்மா வந்துராது. அவன் முள்ளுக்கம்பின்னு டாக்டர் சீட்டு வாங்கி வெச்சிருப்பான். நீ குடிச்சுட்டு வுழுந்தேன்னு சொல்லுவான். பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்லக்கா" என்றாள் யுவராணி உடனே. தமிழ்மணியைப் பார்க்காமல் சொன்னாள். "நான் ஒண்டியாத்தான் இருந்தேன்."

தமிழ்மணி போனையே பார்த்தாள். இப்படியே விட்டுவிடலாம். நாலு மணிக்கு அப்பா வருவார், ஆறு மணிக்குச் சென்னப்பன் வருவான், சந்திரிகை இறக்க அவனுக்கு அவளே கை கொடுப்பாள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். "என்னாடா மணி, படிப்பு எப்பிடிப் போவுது?" என்பான். அவள் பதில் சொல்லுவாள்.

"நான் பாத்தேன்" என்றாள்.

"வாய மூடு தமிழு."

"பாத்தேங்க்கா. அவன் மொகத்தப் பாத்தேன். இவங்க நகத்தால கீறுனதப் பாத்தேன். கத்திரியால முடிய வெட்டுனதப் பாத்தேன்."

"உனக்கு எத்தன வயசு?" என்று கேட்டாள் சோபனா.

"பதினேழு."

"அப்பா பேரு?"

"சென்றாயன்."

"கண்ணு, நான் சொல்றத நல்லாக் கேட்டுக்க. உன் பேரு வெளிய வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஊர்ல வரும். பதினெட்டு ஆவலைங்கறதால உங்கப்பாவும் கூட வந்து உக்காருவாரு. நீ சொல்றது பூரா அவரு காதுல வுழும். யோசிச்சுச் சொல்லு. வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிரு, ஒண்ணும் தப்பில்ல."

யுவராணி தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று. கோணல் முடி கன்னத்தில் விழுந்து விழுந்து எழுந்தது.

"சொல்றேங்க" என்றாள் தமிழ்மணி.

"சரி. அங்க எதுக்குப் போன?"

"அம்மா ப்ளவுஸு வாங்க."

"அம்மாவே அனுப்புனாங்களா? ரொம்ப நல்லது. அது போதும், அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம்." பேனா ஓடியது. தமிழ்மணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவுதானா? இதைத் தாண்டிவிடலாம் போலிருக்கிறதே. "எங்க நின்னு பாத்த?"

"உள் ரூம்புல. கதவு இடுக்குல."

"எவ்ளோ நேரம் நடந்துச்சு?"

"அஞ்சு நிமிசம். ஆறு... இருக்கும்."

"அந்த ஆறு நிமிசமும் நீ உள்ளயே இருந்த. அவன் வக்கீலு இங்கதான் புடிப்பான். 'கண்ணு முன்னாடி ஒருத்தர அடிக்கறாங்க, நீ ஓடி வரல, கத்தல, அப்ப நீ அங்க இருந்தியா இல்லயா?'ன்னு கேப்பான். ஏன் வெளிய வரல?"

பயமா இருந்துச்சு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் எதற்குப் பயம் என்று அடுத்துக் கேட்பார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருடைய கை நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருப்பது அவளுக்கு இப்போதே தெரிந்தது. பல்லுக்கு நடுவில் நாடாவின் நூல் ருசி வந்தது.

"தாழ்ப்பா மாட்டிக்கிச்சுங்க்கா" என்றாள். "வெளிப்பக்கமா. தள்ளித் தள்ளிப் பாத்தேன், தொறக்கல. அவங்க போனதுக்கப்புறம் அக்காதான் தொறந்து வுட்டாங்க."

"அது சரி. தாழ்ப்பா மாட்டிக்கிச்சுன்னா உன்னக் கொற சொல்ல முடியாது. மாத்தி மாத்திப் பேசாத, எங்க கேட்டாலும் இதையே சொல்லு." சோபனாவின் குரலில் பழைய வேகம் திரும்பியிருந்தது. "ஒரு கார் சொல்லி மூணரைக்குள்ள வந்தர்றேன். மெயின் ரோட்டுல லைட்ட அணைச்சுட்டு நிப்பேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் அசையாதீங்க. யுவராணி, கேக்குதா?"

"கேக்குதுக்கா" என்றாள் யுவராணி.

போன் அணைந்தது. திரையின் வெளிச்சம் போனதும் அடுக்குக்குப் பின்னால் இருட்டு கூடிவிட்டது. தமிழ்மணி எழுந்திருக்கப் பார்த்தாள். மூன்றாம் வரிசைக்கு இன்னும் தழை போடவில்லை. அந்தப் பக்கத்துப் புழுக்கள் வெறுந் தண்டில் தலையைத் தூக்கி அலைந்துகொண்டிருந்தன.

யுவராணி அவள் சட்டை முனையைப் பிடித்து நிறுத்தினாள். வீங்காத கையால். பிடியில் பலம் இல்லை.

"தமிழு."

"தழ போட்டுட்டு வந்தர்றேங்க்கா."

"அந்தக் கதவு நான் பழைய பலக வாங்கி அடிச்சது. உள்ளயும் வெளியயும் அதுக்குத் தாழ்ப்பாளே கெடையாது." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தமிழ்மணி ஏதாவது சொல்லியிருப்பாள். "ரெண்டு தடவ உன்னப் பேரு சொல்லிக் கூப்புட்டேன். காதுல வுழுந்திருக்கும். அந்நேரம் நீ உள்ள என்னா கண்ணு பண்ணிக்கிட்டு இருந்த?"